முதுகெலும்பு கெட்டி, முறிந்தது மணிக்கட்டு!

எலும்பு டாக்டர் பதில்கள்

கேள்வி: அம்மாவுக்கு 56 வயது. 38 வயதிலேயே கர்ப்பப்பை ஆபரேஷன் ஆகிவிட்டது. போன மாதம் மாட்டுக் கொட்டகையில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் முதுகெலும்பு டி-ஸ்கோர் (ஆரோக்கியமான இளவயதினரின் எலும்போடு ஒப்பிடும் எண்) பிளஸ் 1.9. "எலும்பு கெட்டியாக இருக்கிறது, தேய்மானமே இல்லை" என்று அனுப்பிவிட்டார்கள். கெட்டியான எலும்பு எப்படி டாக்டர் உடையும்?
*- பெயர் வேண்டாம், பென்னாகரம்*

பதில்: பிளஸ் 1.9 என்று படித்ததும் எனக்குள் எழுந்த முதல் கேள்வி: அம்மா எத்தனை வருடம் போர் தண்ணீர் குடித்தார்?

நம் தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கியது 2013-ல்தான்; அதற்கு முன் உங்கள் அம்மாவின் பாதி ஆயுள் ஓடிவிட்டது. அந்தக் காலத்தில் அந்தத் தண்ணீரைக் குடித்து என்னிடம் வந்தவர்களில் சிலர், பின்னாலிருந்து கூப்பிட்டால் கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு சேர்ந்தே திரும்புவார்கள். எக்ஸ்ரேயில் முதுகெலும்பு சுண்ணாம்பு பூசியது போல வெளுத்திருக்கும். பார்க்க இரும்பு மாதிரி; ஆனால் சரியாகப் பின்னப்படாத எலும்பு.

இதைக் கறாராகச் சோதித்துப் பார்த்தவர் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த லாரன்ஸ் ரிக்ஸ். ஃபுளோரைடு எலும்பை அடர்த்தியாக்குகிறது, அப்படியானால் அதையே தேய்மானத்துக்கு மருந்தாகக் கொடுத்தால் என்ன என்று ஒரு காலத்தில் நம்பிக்கையோடு பேசினார்கள். மாதவிலக்கு நின்று எலும்புத் தேய்மானம் வந்த 202 பெண்களில் ஒரு பாதிக்குத் தினமும் 75 மில்லிகிராம் சோடியம் ஃபுளோரைடு, மறு பாதிக்கு வெறும் மாத்திரை. கால்சியம் இரு தரப்புக்கும். நான்கு வருடம். 1990-ல் முடிவு வந்தது. ஃபுளோரைடு சாப்பிட்டவர்களுக்கு இடுப்புப் பக்க முதுகெலும்பின் அடர்த்தி 35 சதவீதம் ஏறியிருந்தது. ஆனால் முதுகெலும்பு முறிவு குறையவில்லை. மற்ற எலும்புகளில் முறிவு கூடிவிட்டது. உங்களுக்கு முக்கியமானது இது: அதே பெண்களின் முன்கை எலும்பில் அடர்த்தி 4 சதவீதம் குறைந்திருந்தது. அது மாத்திரை, நம்முடையது நாற்பது வருடத் தண்ணீர், அளவு வேறுதான். ஆனாலும் முதுகு கெட்டி, மணிக்கட்டு முறிவு என்ற உங்கள் வீட்டுக் கதையைப் படித்தபோது அந்த ஆய்வுதான் ஞாபகம் வந்தது.

அப்புறம் ஹார்மோன். பாஸ்டனில் ஃபுல்லர் ஆல்பிரைட் என்ற மருத்துவர், 65 வயதுக்குள் தேய்மானம் வந்த 42 பேரைப் பார்த்தபோது அதில் 40 பேர் மாதவிலக்கு நின்ற பெண்கள். 1941-ல் எழுதினார். எலும்பை அரிக்கும் செல்களை அடக்கி வைப்பது சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன். அது குறைந்தால் அவை அவிழ்த்துவிட்ட ஆடு மாதிரி மேய ஆரம்பித்துவிடும். அம்மாவுக்குக் கர்ப்பப்பையை மட்டும் எடுத்தார்களா, சினைப்பைகளையும் சேர்த்தா? நம் ஊரில் பலருக்கு இது தெரிவதே இல்லை. பழைய டிஸ்சார்ஜ் சீட்டு பீரோவில் இருந்தால் தேடுங்கள். சினைப்பையும் போயிருந்தால் 18 வருடமாக அந்தக் காவல் இல்லை என்று அர்த்தம்.

இடுப்பு, முன்கை இரண்டுக்கும் ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள். வயதானவர்களின் முதுகில் எலும்பு முளை இருந்தாலும் ஸ்கோர் பொய்யாக ஏறும், எக்ஸ்ரேயும் வேண்டும். சிறுநீரில் ஃபுளோரைடு, ரத்தத்தில் வைட்டமின் டி, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் பாருங்கள். நின்ற உயரத்திலிருந்து விழுந்து எலும்பு முறிந்தால், ஸ்கோர் என்ன சொன்னாலும் அதை பலவீனமான எலும்பாக எடுத்துக்கொண்டுதான் நான் வைத்தியம் தொடங்குவேன்.

கேள்வி: தினமும் ராகிக் களி சாப்பிடுகிறேன். கால்சியம் மாத்திரை தேவையா? போர் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தால் போதுமா?
*- ஒரு வாசகி, பாலக்கோடு*

பதில்: 100 கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம். அரிசி பக்கத்திலேயே வர முடியாது. ஆனால் ராகியிலுள்ள ஃபைட்டேட் என்ற பொருள் அதில் ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும். புளிக்க வைத்த கூழில் அந்தப் பிடி தளரும், அதனால் களியோடு கூழும் குடியுங்கள், மோர் ஊற்றி. மாத்திரையை ரத்தப் பரிசோதனைக்குப் பிறகு முடிவு செய்யலாம். காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற கூடத்தான் செய்யும். ஒகேனக்கல் தண்ணீர் வரும் நாளில் குடிக்கவும் சமைக்கவும் தனிக் குடத்தில் பிடித்து வையுங்கள். போர் தண்ணீர் துணி துவைக்க இருக்கட்டும்.