கேளுங்கள் அக்கா: துபாயிலிருந்து தண்டையார்பேட்டைக்கு வரும் மருமகள்

கேள்வி: அக்கா, நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் தண்டையார்பேட்டை. பத்து வருஷமாக துபாயில் ஏ.சி. மெக்கானிக். மனைவி பிலிப்பைன்ஸ் பெண், இங்கே ஒரு பேக்கரியில் வேலை பார்க்கிறாள். கல்யாணம் ஆகிப் பதிவும் செய்து மூன்று வருஷம், இரண்டு வயதில் மகள். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்துவிட்டதால் ஊருக்கே திரும்புகிறோம். அவளும் சரி என்றுவிட்டாள், ஆனால் தினம் ராத்திரி ஒரே கேள்வி: "அங்கே எங்க ஊர் ஆளுங்க யாராவது இருக்காங்களா?" நண்பர்கள், வெளிநாட்டுக்காரர்கள் எல்லாம் ஈ.சி.ஆர். பக்கம்தான், அங்கே வீடு பார் என்கிறார்கள். அம்மாவோ, நம்ம வீட்டு மாடி சும்மாதானே கிடக்கு என்கிறார். என்ன செய்வது?
பெயர் வேண்டாம், துபாய்

பதில்: தம்பி, முதலில் அவளிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். இருக்கிறார்கள், ஆனால் துபாய் மாதிரி இல்லை. அங்கே சத்வாவிலும் கராமாவிலும் நடந்தாலே அவள் பாஷை காதில் விழும், அவள் ஊர்ச் சாப்பாடு கிடைக்கும். சென்னையில் பிலிப்பைன்ஸ்காரர்கள் அங்கொருவர் இங்கொருவர்தான், தேடித்தான் பிடிக்க வேண்டும். "எல்லாரும் இருக்காங்க, நீ வா" என்று கூட்டிவந்துவிட்டு, வந்த பிறகு அவள் மாடி ஜன்னலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தால், அப்புறம் நீங்கள் சொல்லும் எதையும் அவள் நம்பமாட்டாள்.

ஈ.சி.ஆர். யோசனை எனக்குச் சரியாகப் படவில்லை. வாடகைக்காக மட்டும் சொல்லவில்லை. சென்னையில் வெளிநாட்டவர் கூட்டம் என்று நாம் பார்ப்பதில் பெரும்பகுதி கம்பெனி அனுப்பி வந்தவர்கள். 1998-ல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்ய ஆரம்பித்ததிலிருந்து கொரியக்காரர்கள் வந்தார்கள், பிறகு ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தொழிற்சாலைகள் பெருகப் பெருக ஜப்பான்காரர்கள் வந்தார்கள். அவர்களுக்கு வீடு, கார், பள்ளிக் கட்டணம் எல்லாம் கம்பெனி பார்த்துக்கொள்ளும், சில வருஷத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். உங்கள் மனைவிக்குத் திரும்பிப் போகும் தேதி கிடையாது. மாமியார் இருக்கிறார், படுக்கையில் மாமனார் இருக்கிறார், ஆடி மாசம் கூழ் ஊற்றும்போது முன்னால் நிற்க வேண்டிய மருமகள் அவள். அந்த வாழ்க்கையை வாழ்ந்து பார்த்த இன்னொருத்திதான் அவளுக்கு வேண்டும், அதாவது இந்த ஊர் ஆணைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்ட வெளிநாட்டுப் பெண். அவள் பிலிப்பைன்ஸ்காரியாகவே இருந்தால் ரொம்ப நல்லது. இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது வியாசர்பாடியில் எங்கள் வரிசையில் ஒரு பர்மா ஆயா இருந்தார். 1962-ல் அங்கே ராணுவ ஆட்சி வந்து, கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டதும் நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேறி வந்தார்களே, அப்போது தமிழ்ப் புருஷனோடு வந்த பர்மியப் பெண். தமிழ் பேசுவார், ஆனால் எண்ணி எண்ணித்தான் பேசுவார். சாயங்காலம் ஆனால் பி.வி. காலனியிலிருந்து நாலைந்து பேர் வருவார்கள். பர்மாவிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்கள் அவர்கள், அத்தனை பேருக்கும் பர்மிய பாஷை தண்ணீர் பட்ட பாடு. ஆயா திண்ணையில் உட்கார்ந்து பூண்டை எண்ணெயில் பொன்னிறமாக வறுத்து, கடலை மாவை வெறும் சட்டியில் வாசம் வரப் புரட்டி, புளித்தண்ணீர் விட்டுக் கையாலேயே அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸைப் பிசைவார், பக்கத்து அடுப்பில் வாழைத்தண்டு சூப் கொதிக்கும். அந்த ஒரு மணி நேரம் அவர் குரலே வேறாக இருக்கும். அவ்வளவு வேகமாக, கைகொட்டிச் சிரித்துக்கொண்டு பேசுவார். எங்களுக்கு ஒரு வார்த்தை புரியாது, ஆனாலும் பார்த்துக்கொண்டே நிற்போம். அந்த நாலைந்து பேர் போதுமாக இருந்தார்கள் அவருக்கு.

அந்த நாலைந்து பேரை நீங்கள்தான் தேட வேண்டும், அதுவும் விமானம் ஏறுவதற்கு முன்னால். வந்து இறங்கியதும் உங்களுக்கு ஆஸ்பத்திரி, அப்பா, வேலை தேடுவது என்று நேரம் போய்விடும். அவளுடைய துபாய்த் தோழிகளிடம் கேட்கச் சொல்லுங்கள், இந்தியரைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போனவர்களை அவர்களில் யாருக்காவது நிச்சயம் தெரியும். ஒருத்தி கிடைத்தால் அவள் வழியாக இன்னும் இரண்டு பேர் கிடைப்பார்கள். சென்னையில் ஓவர்சீஸ் விமன்ஸ் கிளப் என்று வெளிநாட்டுப் பெண்களுக்கான சங்கம் ஒன்று இருக்கிறது, கம்பெனி மனைவிகளோடு இங்கேயே தங்கிவிட்டவர்களும் அங்கே வருவார்கள். இப்போதே எழுதிப் போடுங்கள்.

அவள் கத்தோலிக்கப் பெண் என்றால் வடசென்னை மாதிரி வசதி எங்கே கிடைக்கும்? ராயபுரம் புனித பேதுரு ஆலயம் இருக்கிறது, பெரம்பூர் லூர்து மாதா இருக்கிறாள், செவ்வாய்க்கிழமை ஆர்மேனியன் தெரு அந்தோணியார் கோயிலுக்குப் போனால் எல்லா மதத்துக் கூட்டமும் நிற்கும். ஆங்கிலத் திருப்பலி எங்கே, எத்தனை மணிக்கு என்று உங்கள் அம்மாவை விட்டு விசாரிக்கச் சொல்லுங்கள். பெரம்பூர் பக்கம் ரயில்வே காலத்து ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன, மொழி தடுக்காது. இன்னொன்று, அவர்கள் ஊரில் டிசம்பர் 16-லிருந்து 24 வரை ஒன்பது நாள் விடியற்காலைத் திருப்பலி உண்டு, சிம்பாங் காபி என்பார்கள். நமக்கு மார்கழி பிறப்பதும் கிட்டத்தட்ட அதே நாள்தான்! உங்கள் அம்மா கோலம் போட எழுந்திருக்கும் நேரத்தில் அவளும் எழுந்திருப்பாள்.

வீட்டு விஷயத்தில் அம்மா சொல்வதுதான் சரி, மாடியிலேயே இருங்கள். ஆனால் மாடியில் தனி அடுப்பு போட்டுக் கொடுங்கள், இதில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். பசியில்லாத நாளிலும் தன் ஊர்ச் சாப்பாட்டை யாரையும் கேட்காமல் சமைத்துக்கொள்ள அவளுக்கு ஒரு இடம் வேண்டும். சாமானுக்குப் பஞ்சமில்லை. கோழியும் இஞ்சியும் பச்சைப் பப்பாளியும் போட்டு முருங்கைக் கீரையை உருவிப் போடும் தினோலா, புளி கரைத்துப் போட்டு மீனோ இறாலோ வேகவைக்கும் சினிகாங், காலையில் பூண்டுச் சோற்றோடு வறுத்த கருவாடு. காசிமேடு கூப்பிடு தூரம், வேறென்ன வேண்டும்? கருவாட்டு வாசத்துக்கு மூக்கைப் பொத்தாத மாமியார் கிடைப்பதும் ஒரு கொடுப்பினைதான்.

அப்புறம் காகிதங்கள். அவசரம் என்று டூரிஸ்ட் விசாவில் கூட்டிவராதீர்கள். இந்தியரை மணந்து, பதிவு செய்து இரண்டு வருஷம் முடிந்தால் ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பிக்கலாம், உங்களுக்கு மூன்று வருஷம் ஆகிவிட்டதால் துபாய் இந்தியத் துணைத் தூதரகத்திலேயே போட்டுவிடுங்கள். அது குடியுரிமை இல்லை, அவள் பாஸ்போர்ட் அவளிடமே இருக்கும். ஆனால் ஆயுள் முழுக்க விசா கவலை கிடையாது, வேலைக்கும் போகலாம். பேக்கரி வேலை தெரிந்தவள், சும்மா உட்கார்ந்திருக்க விரும்பமாட்டாள். அட்டை வர நாளாகும், அதற்குள் வந்தாக வேண்டுமென்றால் துணைவருக்கான என்ட்ரி விசா எடுங்கள், 180 நாளுக்கு மேற்பட்ட விசா என்றால் வந்து 14 நாளுக்குள் எஃப்.ஆர்.ஆர்.ஓ. என்கிற வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும், ஆன்லைனிலேயே முடியும்.

முதல் வாரமே மெட்ரோ கார்டு ஒன்று வாங்கி அவள் கையில் கொடுங்கள். 2021-லிருந்து தண்டையார்பேட்டையிலேயே ஸ்டேஷன் இருக்கிறது, மாறாமல் விமான நிலையம் வரை போகலாம். இரண்டு தடவை கூடப் போங்கள், மூன்றாம் தடவை அவள் தனியாகப் போகட்டும். மகளிடம் அவள் பாஷையிலேயே பேசட்டும், தமிழைத் தெருவே கற்றுக்கொடுத்துவிடும்.

கேள்வி: நான் கொடுங்கையூர். கணவர் ஜப்பானியர், இங்கே வேலை முடிந்து ஒசாகாவுக்குத் திரும்புகிறோம். டோக்கியோவில் தமிழர்கள் நிறைய என்கிறார்கள். அங்கே மாறச் சொல்லிக் கேட்கலாமா?

பதில்: டோக்கியோவில் நிஷி கசாய் பக்கம் இந்தியக் குடும்பங்கள் நிறைய, தமிழும் கேட்கும், உண்மைதான். ஆனால் பெரும்பாலும் ஐ.டி. வேலையில் வந்தவர்கள், மேலே சொன்ன கதைதான், நீங்கள் பழகி முடிப்பதற்குள் கிளம்பிவிடுவார்கள். கணவர் வீட்டாரை விட்டுவிட்டு புல்லட் ரயிலில் இரண்டரை மணி நேரம் தள்ளிப் போய் உட்கார்வது வேண்டாம் அம்மா. ஜப்பான் நகரங்களில் தன்னார்வலர்கள் குறைந்த கட்டணத்தில் ஜப்பானிய மொழி சொல்லித்தரும் வகுப்புகள் உண்டு, முகவரிப் பதிவுக்கு உள்ளூர் அலுவலகம் போகும்போதே கேளுங்கள். வெளிநாட்டு மருமகள்கள் வந்து சேரும் இடமே அதுதான், வியட்நாம்காரி, பிலிப்பைன்ஸ்காரி என்று உங்களை மாதிரியே இருப்பார்கள். போவதற்கு முன் சென்னையில் அடிப்படையாவது படித்துவிடுங்கள், அமைந்தகரையில் ஏ.பி.கே. ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய் என்ற அமைப்பில் ஜப்பானிய வகுப்பு நடக்கிறது.

கேள்வி: என் மருமகள் பிரெஞ்சுக்காரி. தங்கமான பெண். ஆனால் சனிக்கிழமை ஆனால் நுங்கம்பாக்கத்தில் இருக்கும் பிரெஞ்சு மொழி, கலாசார மையமான அலியான்ஸ் பிரான்சேஸுக்குக் கிளம்பிவிடுகிறாள். நம்ம வீடு ஒட்டவே ஒட்டாதோ என்று பயமாக இருக்கிறது.
ஒரு மாமியார், ராயபுரம்

பதில்: ஒட்டியதால்தான் அம்மா சனிக்கிழமை மட்டும் போகிறாள். நீங்கள் கல்யாணமாகி ராயபுரம் வந்த புதிதில் அம்மா வீட்டுக்கு எத்தனை தடவை ஓடினீர்கள், நினைத்துப் பாருங்கள். அவளுக்கு அம்மா வீடு இங்கிருந்து ஏழாயிரம் கிலோமீட்டருக்கும் மேல். இந்தச் சனிக்கிழமை நாலு துண்டு வஞ்சிரம் வறுத்து டப்பாவில் போட்டு, அவள் தோழிகளுக்கும் சேர்த்துக் கொடுத்தனுப்புங்கள்.