ஸ்பிரிங் ஏர் ரைபிளில் ஸ்கோப் நகராமலும் சாயாமலும் மாட்டுவது எப்படி?

கேள்வி: 4.5 மி.மீ. ஸ்பிரிங் ஏர் ரைபிளில் ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) மாட்டினேன். நூறு பெல்லட் சுடுவதற்குள் ஸ்கோப் பின்னுக்கு வந்துவிடுகிறது. அதன் உள்ளே இருக்கும் குறுக்குக்கோடும் சாய்ந்தே தெரிகிறது. என்ன தவறு செய்கிறேன்?

பதில்:

இரண்டும் தனித்தனிக் கோளாறுகள். நகர்வது பிடிமானம் சம்பந்தப்பட்டது, சாய்வது மட்டம் சம்பந்தப்பட்டது. பிடிமானத்தை முதலில் சரிசெய்யுங்கள். நகரும் ஸ்கோப்பை எத்தனை முறை மட்டம் பார்த்தாலும் பயனில்லை.

ஸ்பிரிங் ரைபிள் இரண்டு பக்கமும் உதைக்கும். பிஸ்டன் முன்னே பாயும்போது ரைபிள் பின்னே போகிறது. பிஸ்டன் முன்முனையில் போய் மோதி நிற்கும்போது ரைபிள் சட்டென்று முன்னே இழுக்கப்படுகிறது. இந்த இரண்டாவது அடிதான் கடுமையானது. ரைபிள் முன்னே போக, ஸ்கோப் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். அதனால்தான் உங்கள் ஸ்கோப் கண் பக்கமாக வருகிறது. வெடிமருந்தால் சுடும் பெரிய ரைபிளுக்கென்று செய்த ஸ்கோப்பை இதில் மாட்டினால், உள்ளே லென்ஸோ குறுக்குக்கோடோ கழன்றுபோவதற்கும் இந்த எதிர் உதைதான் காரணம். ஏர் ரைபிளுக்கு என்று குறிப்பிட்டுச் செய்த ஸ்கோப்பையே வாங்குங்கள். அது 10 மீட்டர் அளவுக்குக் கிட்டத்திலும் தெளிவாகக் காட்ட வேண்டும். பெரிய ரைபிள் ஸ்கோப் பலவற்றில் பாரலாக்ஸை (கண் சற்று நகர்ந்தால் குறுக்குக்கோடு குறியின்மேல் நகர்வதுபோலத் தெரியும் பிழை) 100 கஜத்துக்குச் சரிசெய்து பூட்டிவைத்திருப்பார்கள்.

ஸ்கோப்பை ரைபிளோடு பிடித்துவைக்கும் மவுண்டுக்கு வருவோம். தனித்தனி இரண்டு வளையத்தைவிட ஒரே துண்டாக வரும் மவுண்ட் இதற்கு நல்லது. டவ்டெயில் பள்ளத்தை (ரைபிளின் மேல்பக்கம் மவுண்ட் கவ்வும் சரிவான பள்ளம்) பிடிக்கும் நீளம் அதில் அதிகம். 11 மி.மீ. என்று விற்றாலும் பள்ளத்தின் அகலமும் சரிவும் ரைபிளுக்கு ரைபிள் மாறும். இறுக்கியபின் மவுண்டின் தாடை பள்ளத்தில் முழுக்கப் படிந்திருக்கிறதா, ஓரத்தில் மட்டும் கடித்துக்கொண்டிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். ஓரத்தில் கடித்தால் அந்த மவுண்ட் உங்கள் ரைபிளுக்கு ஆகாது.

ரைபிளின் மேல்பக்கம் பின்னால் சிறு துளை இருந்தால், மவுண்டின் ஸ்டாப் பின் (மவுண்ட் நகராமல் தடுக்கும் சிறு ஆணி) அதற்குள் இறங்க வேண்டும். இதில் இரண்டு தவறு நடக்கும். பின்னை அதிகமாக இறக்கினால் அது துளையின் அடியில் முட்டி மவுண்டையே தூக்கிவிடும். தாடை சரியாகப் பிடிக்காது. இன்னொன்று, பின்னைத் துளையின் நடுவில் தொங்கவிடுவது. மவுண்டைக் கையால் பின்னுக்குத் தள்ளி, ஸ்டாப் பின் துளையின் பின்சுவரைத் தொட்டபடி இருக்கும்போது இறுக்குங்கள். இடைவெளி விட்டால் ஒவ்வொரு சுடுதலும் சுத்தியல் அடிபோல விழுந்து துளையை நீள்வட்டமாக்கிவிடும். துளை இல்லாத ரைபிளுக்கு, மவுண்டின் பின்முனையை ஒட்டி தனி ஸ்டாப் கட்டை ஒன்றை மாட்டலாம்.

மாட்டுமுன் பள்ளம், தாடை, வளையத்தின் உள்பக்கம், ஸ்கோப் குழாய் எல்லாவற்றிலும் எண்ணெய்ப் பசையை ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். தொழிற்சாலை எண்ணெய் அப்படியே இருப்பதுதான் பாதி நகர்வுக்குக் காரணம்.

இனி மட்டம். ரைபிளில் பெல்லட் இல்லை, ஸ்பிரிங் இழுபட்டில்லை என்று உறுதிசெய்துவிட்டுத் தொடங்குங்கள். கடைசிவரை அப்படியே இருக்கட்டும்.

வளையத்தின் மேல்மூடியைத் தளர்வாகப் போட்டு, ஸ்கோப்பை அதிகபட்ச உருப்பெருக்கத்தில் வையுங்கள். கண்ணை மூடி, வழக்கம்போல ரைபிளின் பின்கட்டையில் கன்னம் வைத்து, கண்ணைத் திறங்கள். கறுப்பு விளிம்பு இல்லாமல் முழு வட்டம் தெரியும்வரை ஸ்கோப்பை முன்பின் நகர்த்துங்கள். கழுத்தை நீட்டிக் கண்ணைக் கொண்டுபோகக் கூடாது; ஸ்கோப்தான் கண்ணிடம் வர வேண்டும்.

டர்ரெட் (குறுக்குக்கோட்டைக் கிளிக் கிளிக்காக நகர்த்தும் திருகு) மூடியின்மேல் ரசமட்டம் வைத்துப் பார்ப்பதைப் பலர் செய்கிறார்கள். மூடியும் உள்ளே இருக்கும் குறுக்குக்கோடும் ஒன்றுக்கொன்று நேராக இருக்கும் என்று சொல்ல முடியாது. ஸ்பிரிங் ரைபிளின் உடலும் உருண்டைக் குழாய். ரசமட்டம் உட்காரத் தட்டையான இடமே இருக்காது. இதற்குக் கண்ணாடி முறைதான் நம்பகமானது. 3, 4 மீட்டர் தள்ளி முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை நிறுத்துங்கள். ரைபிளைத் தாங்கியில் வைத்து, குறைந்த உருப்பெருக்கத்தில் ஸ்கோப் வழியாகக் கண்ணாடியைப் பாருங்கள். உங்கள் ஸ்கோப்பின் முன் லென்ஸே எதிரே தெரியும். அதன் நடுவில் குறுக்குக்கோட்டை வைத்தால், கீழே குழல்வாய் தெரியும். செங்குத்துக்கோடு குழல்வாயைச் சரிபாதியாக வெட்டும்வரை ஸ்கோப்பை வளையத்துக்குள் திருப்புங்கள். குழல்வாய் மங்கலாகத் தெரிந்தால் அதைச் சுற்றி வெள்ளைக் காகித வளையம் ஒன்றை ஒட்டிக்கொள்ளலாம். இப்படிச் செய்தால் குழல் குறுக்குக்கோட்டுக்கு நேர் கீழே வந்துவிடும்.

மேல்மூடி திருகை இறுக்கும்போதுதான் செய்த வேலை கெடும். ஒரு பக்கத்தை முதலில் இறுக்கினால் ஸ்கோப் அந்தப் பக்கம் திரும்பிவிடும். குறுக்காக மாற்றி மாற்றி, ஒவ்வொரு திருகையும் எட்டில் ஒரு சுற்று என்று கொண்டுபோங்கள். மூடிக்கும் அடிப்பாகத்துக்கும் இடையிலுள்ள சந்து இருபுறமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். வளையத் திருகுக்கு 1.7 முதல் 2 நியூட்டன் மீட்டர் (15 – 18 இஞ்ச் பவுண்டு) போதும். மவுண்ட் செய்தவர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதன்படி போங்கள். டார்க் டிரைவர் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் திருப்புளி) இல்லையென்றால் ஆலன் கீயின் நீளமான கையைத் திருகில் வைத்து, குட்டைக் கையை இரு விரலால் திருப்புங்கள். முழுப் பலத்தோடு இறுக்கினால் குழாய் நசுங்கி, டர்ரெட் கிளிக் ஒழுங்காக வேலை செய்யாது. முடித்தபின் மறுபடி கண்ணாடியில் பாருங்கள்.

சுடும்போது ரைபிளைச் சாய்க்காமல் பிடிப்பது இதைவிட முக்கியம். ஸ்கோப் ரைபிளில் 3 டிகிரி சாய்ந்திருந்தாலும், நீங்கள் குறுக்குக்கோட்டைச் செங்குத்தாகப் பிடித்தால் பிழை சிறிது: ஸ்கோப் குழலுக்கு 45 மி.மீ. மேலே இருந்தால், குழல் பக்கவாட்டில் 2.4 மி.மீ. தள்ளியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் குறுக்குக்கோடே சாய்ந்த நிலையில் சுட்டால் கதை வேறு. வினாடிக்குச் சுமார் 250 மீட்டர் வேகத்தில் கிளம்பும் பெல்லட் 50 மீட்டரில் குழல் கோட்டிலிருந்து ஏறக்குறைய 25 செ.மீ. விழுகிறது. அந்தத் தூரத்துக்கு ஜீரோ செய்த (பெல்லட் குறுக்குக்கோட்டு மையத்திலேயே படும்படி சரிசெய்த) ரைபிளை 3 டிகிரி சாய்த்தால் பெல்லட் 13 மி.மீ. பக்கவாட்டில் போகும், 5 டிகிரி என்றால் 22 மி.மீ.

ஆகவே 20 மீட்டர் தள்ளி, காற்று படாத இடத்தில், கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு ஒன்றைத் தொங்கவிடுங்கள். ரைபிளைத் தாங்கியில் அசையாமல் வைத்து, செங்குத்துக்கோட்டை நூலோடு ஒன்றச் செய்யுங்கள். அதே நிலையில், குழாயில் மாட்டும் சிறு குமிழி மட்டத்தைக் குமிழி நடுவில் நிற்கும்படி பொருத்துங்கள். பிறகு ரைபிளைத் தொடாமல் மேல் டர்ரெட்டை 40 கிளிக் திருப்புங்கள். குறுக்குக்கோட்டின் மையம் நூலை விட்டு விலகாமல் மேலோ கீழோ போக வேண்டும். ரைபிள் அசையாமலே மையம் விலகினால் ஸ்கோப்புக்குள்ளேயே குறுக்குக்கோடு திரும்பியிருக்கிறது, கடையில் மாற்றிக்கொள்ளுங்கள்.

குழலை மடித்து ஸ்பிரிங் இழுக்கும் ரைபிளில், குழல் முனை சற்றுக் கீழ்நோக்கி நிற்பது வழக்கம். டர்ரெட்டை எவ்வளவு ஏற்றினாலும் பெல்லட் கீழேயே விழுந்தால் காரணம் அதுதான். பின் வளையத்தின் அடியில், ஸ்கோப்புக்குக் கீழே, குளிர்பான டின்னில் வெட்டிய தகட்டைச் செருகலாம். வளையங்களுக்கு இடையே 100 மி.மீ. இருந்தால், 0.1 மி.மீ. தகடு 25 மீட்டரில் பெல்லட்டை 2.5 செ.மீ. உயர்த்தும். 0.3 மி.மீ.க்கு மேல் தேவைப்பட்டால் தகடு வேண்டாம், குழாய் வளையும். சாய்வு வைத்துச் செய்த மவுண்ட் வாங்குங்கள்.

கடைசியாக, பின் வளையத்தை ஒட்டி ஸ்கோப் குழாயிலும், மவுண்டின் பின்முனையை ஒட்டி ரைபிளிலும் மெல்லிய பென்சில் கோடு போடுங்கள். 50 பெல்லட் சுட்டபின் பாருங்கள். குழாய்க் கோடு விலகியிருந்தால் வளையப் பிடி போதவில்லை. ரைபிள் கோடு விலகியிருந்தால் தாடையையும் ஸ்டாப் பின்னையும் கழற்றிப் பாருங்கள்.