33 கேவி வரப்போகிறது: இப்போதே பெரிய சாமான் வாங்கலாமா?

கேள்வி: எங்கள் தேயிலைத் தொழிற்சாலைக்கு 11 கேவி (கிலோவோல்ட்) இணைப்பு. லைன் பின்னால் 33 கேவிக்கு மாறும் என்கிறார்கள். இந்த வருடம் சப்ஸ்டேஷனைப் புதுப்பிக்கிறோம். எல்லாவற்றையும் 33 கேவிக்கே வாங்கிவிட்டால் இரட்டைச் செலவு மிச்சமாகாதா?
(நுவரெலியா பக்கத்துத் தோட்ட வாசகர்)

பதில்: பாதிதான் மிச்சமாகும். வோல்டேஜைத் தாங்கி நிற்பவை, அதாவது பஸ்பார் (மின்சாரத்தைப் பகிரும் உலோகப் பட்டை), இன்சுலேட்டர், ஐசொலேட்டர் (லைனைப் பிரித்து வைக்கும் சுவிட்ச்), வெக்கியூம் பிரேக்கர் (வெற்றிடக் குப்பிக்குள் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்), 19/33 கேவி கேபிள் (எர்த்துக்கு 19, வயர்களுக்கிடையில் 33) ஆகியவற்றை இப்போதே 36 கேவி தரத்தில், அதாவது 33 கேவி லைனுக்கான தரத்தில், போடலாம். 11 கேவியில் அவை எந்தத் தொல்லையும் தராது. பிரேக்கரின் துண்டிக்கும் திறனை எம்விஏவில் (வோல்டேஜையும் ஆம்பியரையும் பெருக்கும் கணக்கு) பார்க்க வேண்டாம். 25 கிலோ ஆம்பியர் பிரேக்கர் 11 கேவியிலும் 25 கிலோ ஆம்பியரைத்தான் துண்டிக்கும். வோல்டேஜ் குறைந்ததால் அந்தத் திறன் அதிகரிக்காது.

உங்கள் உயரத்தை ஆர்டரில் எழுதுங்கள். சாதாரணத் தரம் 1000 மீட்டர் வரைதான். நுவரெலியாவின் 1868 மீட்டரில் காற்று மெலிந்திருப்பதால் வெளி இன்சுலேஷனுக்கு ஏறத்தாழ 1.11 மடங்கு தேவை: 170 கேவி மின்னல் தாங்குதிறனுக்கு 189 கேவி, 320 மில்லிமீட்டர் இடைவெளிக்குச் சுமார் 356. வெக்கியூம் குப்பிக்கு உள்ளே இந்தக் கணக்கு இல்லை. பெனல்களில் ஹீட்டரை விட்டுவிடாதீர்கள். பனிமூட்டத்தில் வியர்த்த இன்சுலேட்டர் எந்தத் தரமானாலும் கசியும்.

இனி, வாங்கக் கூடாதவை. முதலில் சேர்ஜ் அரெஸ்டர் (மின்னல் வோல்டேஜை எர்த்துக்குத் திருப்பிவிடும் சாதனம்). பெரியதைப் போட்டால் பாதுகாப்பு கூடும் என்று நினைப்பவர்கள் அதிகம், நடப்பது நேர்மாறு. 11 கேவி ட்ரான்ஸ்போமர் தாங்கும் மின்னல் அளவே 75 கேவி. 36 கேவி அரெஸ்டர் 10 கிலோ ஆம்பியர் பாயும்போது அதற்கு மேலான வோல்டேஜை விட்டுவைக்கும், 12 கேவி அரெஸ்டர் 40 கேவிக்குள் பிடித்துவிடும். ஏப்ரல், ஒக்டோபர் இடிமழையில் முதலில் போவது ட்ரான்ஸ்போமர்தான், அரெஸ்டர் அல்ல.

அடுத்தது விடி (மீட்டருக்கும் ரிலேக்கும் வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் சிறு ட்ரான்ஸ்போமர்). 33000/110 விடியை 11 கேவியில் போட்டால் 36.7 வோல்ட்தான் வரும். வோல்டேஜ் குறைவைக் கவனிக்கும் அண்டர்வோல்டேஜ் ரிலே பிரேக்கரைத் திறந்துவிடும், மீட்டர் வாசிப்பும் கெடும். எச்ஆர்சி பியூஸும் (பெரிய ஷோர்ட் சர்க்கிட் கரண்டைத் துண்டிக்கும் பியூஸ்) அப்படியே: 36 கேவி பியூஸ் உருகும்போது எழும் ஆர்க் வோல்டேஜ் 11 கேவி இன்சுலேஷனைத் துளைக்கக்கூடும். பவர் ஃபேக்டரைத் திருத்தும் 33 கேவி கெபாசிட்டர் 11 கேவியில் ஒன்பதில் ஒரு பங்கு வேலைதான் செய்யும்.

சிடியை (மீட்டருக்கும் ரிலேக்கும் கரண்டைக் குறைத்துக் கொடுக்கும் ட்ரான்ஸ்போமர்) இரண்டு ரேஷியோவுடன் கேளுங்கள். 1000 கேவிஏக்கு 11 கேவியில் 52.5 ஆம்பியர், 33 கேவியில் 17.5 தான். 60/5, 20/5 டெப் (ரேஷியோவை மாற்றும் இணைப்பு முனை) இருந்தால் போதும். சிறிய டெப்பிலும் மீட்டரின் விஏ சுமையைத் தாங்குமா என்று தரவுத்தாளில் பாருங்கள்.

கேள்வி: ட்ரான்ஸ்போமரின் மூன்று சுற்றுகளின் இணைப்பை டெல்டாவிலிருந்து (முக்கோணம்) ஸ்டாருக்கு (நட்சத்திரம்) மாற்றினால் 33 கேவி தாங்காதா?

பதில்: தாங்காது. அந்த மாற்றத்தில் 1.73 மடங்குதான், அதாவது 19 கேவி. மூன்று மடங்கு வேண்டுமானால் பிரைமரிச் சுற்றை மூன்று துண்டாகப் பிரித்து, இப்போது பரலலாகவும் பிறகு சீரீஸாகவும் இணைக்கும் லிங்க் போர்டுடன் தயாரிப்பாளரிடம் செய்விக்க வேண்டும். முழு இன்சுலேஷனும் 33 கேவிக்கே இருக்கட்டும். வெறும் 33 கேவி/400 வோல்ட் ட்ரான்ஸ்போமரை 11 கேவியில் இணைத்தால் உள்ளே 133 வோல்ட் வரும். கொழுந்தை வாட்டும் விதரிங் தொட்டியின் விசிறிகூடச் சரியாக ஓடாது.

கேள்வி: மாறும் நாளில் என்ன வேலை இருக்கும்?

பதில்: சோதனையை அந்த நாளுக்கு வைக்காதீர்கள். 11 கேவியில் பத்து வருடம் ஓடிய கேபிள் முனை 33 கேவிக்கு நல்லதென்று ஆகாது. பூட்டிய உடனேயே, உத்தரவாதக் காலத்திலேயே, விடியையும் அரெஸ்டரையும் கழற்றிவிட்டு பிரேக்கர் பெனலுக்கு 56 கேவி ஒரு நிமிடமும், புதிய கேபிளுக்கு விஎல்எஃப் (மிகக் குறைந்த அதிர்வெண்) சோதனையில் 57 கேவி பதினைந்து நிமிடமும் கொடுங்கள்.

மாறும் நாளில் மின் விநியோக நிறுவனம் லைனை நிறுத்தி எர்த் செய்த பின் அரெஸ்டர், விடி, பியூஸ், ட்ரான்ஸ்போமர் லிங்க், சிடி டெப், ரிலே செட்டிங் எல்லாம் ஒரே தடவையில் மாற வேண்டும். மறந்துபோன ஒரு 12 கேவி அரெஸ்டர், 33 கேவி லைனில் எர்த்துக்கு இருக்கும் 19 கேவியில் சூடேறி வெடித்துவிடும். ஆகவே ஒவ்வொன்றின் பெயர்ப்பலகையையும் இருவர் தனித்தனியாக வாசித்த பிறகே எர்த்தைக் கழற்றுங்கள்.