டிரெய்லர் வீட்டோடு நெல்லையிலிருந்து காஷ்மீர்: கிளம்பும் முன் எடை மேடைக்குப் போங்கள்

கேள்வி: பாளையங்கோட்டையில் இருக்கிறேன், ஓய்வு பெற்றுவிட்டேன். பட்டறையில் சொல்லி 14 அடி நீளத்தில் ஒற்றை அச்சு டிரெய்லர் வீடு ஒன்று கட்டியிருக்கிறேன். படுக்கை, அடுப்படி, கழிவறை எல்லாம் உண்டு. வெறும் வண்டி 950 கிலோ. என் டீசல் எஸ்யூவி 1,500 கிலோ வரை இழுக்கும் என்று அதன் கையேட்டில் போட்டிருக்கிறது. சித்திரை முடிந்ததும் நானும் வீட்டம்மாவும் இதை இழுத்துக்கொண்டு காஷ்மீர் வரை போய், முடிந்தால் லடாக்கையும் பார்த்துவிட்டு வர ஆசை. ஒரு நாளைக்கு 500 கிலோமீட்டர் கணக்குப் போட்டிருக்கிறேன். வண்டியின் படத்தையும் சாமான் பட்டியலையும் இணைத்திருக்கிறேன். கார் தாங்குமா?

பதில்: அண்ணாச்சி, கார் தாங்கும். ஆனால் உங்கள் படத்தைப் பார்த்ததும் எனக்குக் கவலை வந்தது காரைப் பற்றி இல்லை. அடுப்படி, தண்ணீர்த் தொட்டி, இன்வெர்ட்டர் பேட்டரி, வீட்டம்மா கேட்டிருக்கிற மூன்று கேன் தாமிரபரணித் தண்ணீர், இரண்டு சைக்கிள் எல்லாமே அச்சுக்குப் பின்னால் இருக்கின்றன. முன்பக்கம் படுக்கை மட்டும்தான். நம்ம ஊர் வண்டிக்காரர்களிடம் காட்டினால் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார்கள்: பின்பாரம்.

மாட்டு வண்டியில் நெல் மூட்டை ஏற்றும்போது பார்த்திருப்பீர்கள். பாரம் முன்னால் கூடினால் மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் கூடினால் நுகத்தடி மேலே எழும்பும், மாட்டால் வண்டியை அடக்க முடியாது. அதனால் கொஞ்சம் முன்பாரமாக வைத்துத்தான் கட்டுவார்கள். டிரெய்லருக்கும் இதே கணக்குதான், ஒரு வித்தியாசத்தோடு. மாட்டு வண்டி நடக்கிற வேகத்தில் போகிறது, நீங்கள் 80 கிலோமீட்டரில் போவீர்கள். அந்த வேகத்தில் பின்பார டிரெய்லர் வாலாட்ட, அதாவது இடமும் வலமுமாக ஆட, ஆரம்பித்தால் ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகும். கடைசியில் காரின் பின்பக்கத்தையே இழுத்துத் திருப்பிவிடும்.

நானே இதில் மாட்டியிருக்கிறேன். ஒரு ஆடி மாதம், கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து ஃபைபர் படகு ஒன்றை டிரெய்லரில் ஏற்றி ஆரல்வாய்மொழி வழியாக வந்துகொண்டிருந்தேன். படகின் என்ஜினைக் கழற்றாமல் பின்னாலேயே விட்டிருந்தோம். முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே ஒரு பெரிய லாரி எங்களைத் தாண்டிப் போனது. லாரி மறைத்திருந்த காற்று சட்டென்று பக்கவாட்டில் அடித்ததும் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கியது. கண்ணாடியில் அது இடப்பக்கம் ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை எட்டிப் பார்ப்பது தெரிந்தது. பயத்தில் பிரேக்கை மிதித்தேன், அதுதான் தப்பு. இரண்டு தடத்தையும் அடைத்துக்கொண்டு குறுக்கே போய் நின்றோம். பின்னால் யாரும் வராததால் பிழைத்தோம்.

அன்றைக்கு நான் செய்திருக்க வேண்டியது இதுதான்: ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, வேகம் தானாகக் குறைய விட வேண்டும். ஆட்டத்துக்கு ஆட்டம் ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிக்கவே கூடாது. காரின் பிரேக்கை அழுத்தமாக மிதிக்கக் கூடாது. டிரெய்லரில் மின்சார பிரேக் இருந்து அதற்குக் கைப்பிடி இருந்தால், அதை மட்டும் லேசாக இழுக்கலாம். ஆட்டம் நின்றதும் ஓரங்கட்டி, சாமானை மாற்றி அடுக்காமல் மறுபடி கிளம்பாதீர்கள்.

சரி, எவ்வளவு முன்பாரம் வேண்டும்? சாமான் ஏற்றிய டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் காரின் ஹிட்ச் உருண்டை (காரின் பின்னால் டிரெய்லரை மாட்டுகிற இரும்புக் குண்டு) மேல் உட்கார வேண்டும் என்பது அமெரிக்கப் பழக்கம். ஐரோப்பாவில் சின்ன காரவன்களுக்கு 5 முதல் 7 சதவீதம் என்று சொல்வார்கள். ஆனால் அங்கே வண்டியின் எடைப் பங்கீடும் வேகக் கட்டுப்பாடும் வேறு. நம்ம ரோட்டுக்கு 10க்குக் கீழே போக வேண்டாம் என்பது என் கருத்து.

இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, எடை மேடைக்குத்தான் போக வேண்டும். அரிசி ஆலை, குவாரி பக்கம் எங்கும் லாரி எடை மேடை இருக்கிறது. லாரி வரத்து குறைவான மத்தியான நேரமாகப் பார்த்து, பயணத்துக்குப் போகிற மாதிரியே எல்லாச் சாமானும் ஏற்றி, டீசல் நிரப்பி, இரண்டு பேரும் உட்கார்ந்து போங்கள். முதலில் காரை மட்டும் நிறுத்தி எடை எடுங்கள். அப்புறம் டிரெய்லரை மாட்டி, காரின் நான்கு சக்கரமும் மேடை மேல், டிரெய்லர் சக்கரம் மேடைக்கு வெளியே இருக்கும்படி நிறுத்தி இன்னொரு எடை. கடைசியாக முன்னே நகர்ந்து, டிரெய்லர் சக்கரம் மட்டும் மேடையில் நிற்க மூன்றாவது எடை.

உங்கள் பட்டியலை வைத்து ஒரு உதாரணக் கணக்குப் போடுகிறேன். கார் மட்டும் 2,210 கிலோ, டிரெய்லர் மாட்டிய பிறகு கார் சக்கரங்களில் 2,320 என்று வந்தால், உருண்டை மேல் இருக்கிற பாரம் 110 கிலோ. டிரெய்லர் சக்கரத்தில் 1,130 என்றால் டிரெய்லரின் மொத்த எடை 1,240. (வெறும் வண்டி 950தான் என்றாலும் ஆச்சரியப்படாதீர்கள். நிரம்பிய வீட்டு சிலிண்டர் ஒன்றே 30 கிலோ வரும், பேட்டரி 50க்கு மேல்.) 1,240க்கு 110 என்பது 9 சதவீதத்துக்கும் குறைவு. இப்போது மூன்று தண்ணீர் கேனையும், அதாவது 60 கிலோவை, அச்சுக்கு ஒன்றரை மீட்டர் பின்னாலிருந்து எடுத்து அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் படுக்கைக்கு அடியில் வையுங்கள். 1.8 மீட்டர் நகர்த்தியிருக்கிறீர்கள். உருண்டையிலிருந்து அச்சு வரை 3.6 மீட்டர் என்றால் அதில் இது பாதி. ஆகவே 60 கிலோவில் பாதி, 30 கிலோ, உருண்டைக்கு வந்துவிடும். 110 போய் 140 ஆகும், 11 சதவீதத்தைத் தாண்டிவிட்டோம். மூன்று கேன் இடம் மாறினதற்கு இவ்வளவு பலன்.

அதே வண்டியில் பின்னால் இருக்கிற 100 லிட்டர் தொட்டியை நிரப்பிவிட்டுக் கிளம்பினால் சம்பாதித்த முன்பாரம் அத்தனையும் போய்விடும். எனவே ஓடும்போது தொட்டி காலியாக இருக்கட்டும், ராத்திரி தங்குகிற இடத்தில் நிரப்பிக்கொள்ளலாம். அரைத் தொட்டி தண்ணீர் இன்னும் மோசம், உள்ளே அலையடித்து வண்டியை ஆட்டும். சைக்கிளைப் பின்சுவரில் மாட்டுகிற யோசனையைக் கைவிட்டு, கார் கூரையில் வையுங்கள்.

உருண்டை எவ்வளவு பாரம் தாங்கும் என்று ஹிட்சிலும் கார் கையேட்டிலும் போட்டிருக்கும். இரண்டில் எது குறைவோ அதுதான் உங்கள் எல்லை. அந்த எல்லை 100 கிலோதான் என்றால், சாமானைப் பின்னால் தள்ளி 100க்குக் கொண்டுவராதீர்கள். டிரெய்லரின் எடையைக் குறையுங்கள். உருண்டை மேல் விழுகிற பாரம் காரில் ஏற்றுகிற சாமான் கணக்கிலும் சேரும் என்பதையும் மறக்க வேண்டாம். இன்னொன்று: உருண்டை 50 மில்லிமீட்டரிலும் வருகிறது, 2 அங்குலத்திலும் வருகிறது. பார்த்தால் ஒன்று போலவே இருக்கும். டிரெய்லர் முனையில் உருண்டையைக் கவ்வுகிற மூடி 2 அங்குலமாக இருந்து, அதை 50 மில்லி உருண்டையில் மாட்டினால் லொடலொடவென்று ஆடி, பெரிய பள்ளத்தில் கழன்றே போகலாம். இரண்டிலும் அளவு பொறித்திருக்கும், படித்துப் பாருங்கள். பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் இணைப்புக்கு அடியில் குறுக்காகப் போட வேண்டும். கழன்றால் முன்பகுதி ரோட்டில் குத்தாமல் அது தாங்கும்.

பிரேக் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. ஒன்றேகால் டன்னைக் காரின் பிரேக்கை மட்டும் நம்பி இழுக்கக் கூடாது. ஐரோப்பாவில் 750 கிலோவுக்கு மேல் போனாலே டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். எளிமையானது ஓவர்ரன் பிரேக். கார் மெதுவாகும்போது டிரெய்லர் முன்னால் தள்ளும், அந்தத் தள்ளலே கம்பியை இழுத்து டிரெய்லர் பிரேக்கைப் பிடிக்கும். மின்சார பிரேக் என்றால் காருக்குள் கட்டுப்பாட்டுப் பெட்டி வரும், வாலாட்டத்தை அடக்கவும் உதவும். செலவு பார்க்காமல் மின்சார பிரேக்கே போடுங்கள் என்பேன். எதுவானாலும், டிரெய்லர் கழன்றால் தானாகப் பிரேக் பிடிக்க வைக்கிற கம்பி ஒன்று காரோடு இணைந்திருக்க வேண்டும்.

பிரேக்கின் அருமை தொப்பூரில் தெரியும். போகும்போது சேலத்திலிருந்து தருமபுரிக்கு ஏற்றம், பிரச்சினை இல்லை. திரும்பி வரும்போதுதான் இறக்கம். லாரிகள் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் விபத்தாகிற இடம் அது. இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்து என்ஜினே வண்டியைப் பிடிக்கும்படி இறங்குங்கள். பிரேக்கை அழுத்திப் பிடித்து விட்டு, மறுபடி அழுத்திப் பிடித்து விட்டு என்று வாருங்கள். தொடர்ந்து காலை வைத்தே இருக்காதீர்கள். கருகல் வாடை வந்தால் நிறுத்தி ஆற விட வேண்டும்.

காகிதங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் மோட்டார் வாகனம் என்ற சொல்லுக்குள்ளேயே டிரெய்லரும் அடக்கம். அதனால் அதற்கும் தனிப் பதிவு, காப்பீடு எல்லாம் வேண்டும். பட்டறைக்காரர் "சும்மா கார் நம்பரை எழுதிக்கொள்ளுங்கள்" என்று சொல்லியிருந்தால் நம்பாதீர்கள். டிரெய்லரின் சொந்த நம்பர் அதன் பக்கவாட்டில் இருக்க வேண்டும், அதோடு காரின் நம்பரும் டிரெய்லர் பின்னால் தெரிய வேண்டும். காப்பீட்டு நிறுவனத்திடம் டிரெய்லர் இழுப்பதை எழுத்திலேயே தெரிவித்து, எழுத்திலேயே பதில் வாங்குங்கள்.

டயரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2322 என்றால் 2022ஆம் ஆண்டு 23ஆவது வாரம் செய்தது. பட்டறையில் போட்டுக் கொடுத்த டயர் பழையதா என்று இதை வைத்துப் பாருங்கள். ஐந்து ஆறு வருடம் தாண்டியிருந்தால் பட்டை எவ்வளவு நன்றாக இருந்தாலும் மாற்றுங்கள். காற்றைக் காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது பிடியுங்கள். காற்று குறைந்த டயர்தான் சூடேறி வெடிக்கும். சூடு என்றதும் உங்கள் சித்திரைத் திட்டம் ஞாபகம் வருகிறது. சித்திரை முடிந்து கிளம்பினால் நாக்பூரைக் கத்திரி வெயிலில் கடப்பீர்கள், அங்கே 45 டிகிரியைத் தொடும். டயருக்கும் ஆகாது, உங்களுக்கும் ஆகாது. புரட்டாசியில் கிளம்புங்கள். வடக்கே மழை வடிந்திருக்கும், காஷ்மீரில் இதமான குளிர் இருக்கும். மார்கழிப் பனிமூட்டம் பஞ்சாபை மூடுவதற்குள் திரும்பிவிடலாம். வருகிற வழியில் நம்ம ஐப்பசி மழை பிடிக்கும், தொப்பூரை மட்டும் மழை விட்ட பிறகு இறங்குங்கள்.

நாளைக்கு 500 கிலோமீட்டர் வேண்டாம் அண்ணாச்சி. 44ஆம் எண் சாலையிலேயே மதுரை, சேலம், பெங்களூர், ஹைதராபாத், நாக்பூர், ஆக்ரா, டெல்லி, ஜம்மு என்று போனால் ஸ்ரீநகர் சுமார் 3,600 கிலோமீட்டர். நாளைக்கு 300, வேகம் 80க்குள், ஆறு நாளைக்கு ஒரு நாள் ஓய்வு என்று வைத்தால் 14 நாளில் சேருவீர்கள். வெளிச்சம் இருக்கும்போதே தங்குமிடம் சேர வேண்டும், இருட்டில் டிரெய்லரைப் பின்னால் எடுப்பது கொடுமை. நம்ம நாட்டில் அமெரிக்கா மாதிரி காரவன் நிறுத்தங்கள் ஊருக்கு ஊர் கிடையாது. லாரி நிறுத்த வசதியுள்ள பெரிய பெட்ரோல் பங்க், தாபா, வளாகம் பெரிதான விடுதி, இவைதான். உள்ளே நுழையும் முன்பே வெளியே வர வழி இருக்கிறதா என்று இறங்கிப் பார்த்துவிடுங்கள்.

பின்னால் எடுக்கப் பழக ஊருக்கு வெளியே ஒரு பொட்டல் போதும். ஸ்டீயரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, டிரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமே கையை நகர்த்துங்கள். வீட்டம்மா பின்னால் நின்று வழி சொல்லட்டும், ஆனால் உங்கள் கண்ணாடியில் அவர்கள் தெரிகிற இடத்தில் நிற்க வேண்டும். டிரெய்லரைக் கழற்றும் முன்பு சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் முட்டுக்கட்டை. நெல்லையப்பர் தேருக்குக் கட்டை போடுகிறவர்களின் கவனம் உங்களுக்கும் வேண்டும். கட்டை வைத்த பிறகுதான் கொக்கியில் கை வைக்க வேண்டும். ஓடும்போது சிலிண்டர் வால்வு மூடியே இருக்கட்டும்.

பழகியதும் ஒரு முழு ஒத்திகை போய்ப் பாருங்கள். எல்லாச் சாமானும் ஏற்றி, நாங்குநேரி, பணகுடி, காவல்கிணறு வழியாக முப்பந்தல் வரை போய் ஒரு ராத்திரி டிரெய்லரிலேயே தங்கித் திரும்புங்கள். ஆனி, ஆடியில் போனால் பலமான பக்கக் காற்று அங்கே கிடைக்கும். 60இல் தொடங்கி, லாரி தாண்டும்போது டிரெய்லர் என்ன செய்கிறது என்று கவனித்து, நிதானமாக இருந்தால் மட்டும் 70, 80 என்று கூட்டுங்கள். அங்கே வாலாட்டினால் மறுபடி எடை மேடை, மறுபடி அடுக்கல்.

லடாக்குக்கு டிரெய்லர் வேண்டாம். ஸ்ரீநகரிலிருந்து அங்கே போகிற வழியில் உள்ள சோஜிலா 3,500 மீட்டருக்கு மேல் இருக்கிற குறுகிய கணவாய். எதிரே ராணுவ லாரி வரிசை வந்தால் டிரெய்லரோடு பின்னால் எடுக்க இடம் கிடைக்காது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஜம்முவிலேயே காவலுள்ள இடம் பார்த்து டிரெய்லரை விட்டுவிடுவேன். அதற்கு மேல் ராம்பன், பனிஹால் பக்கம் மண்சரிவில் ரோடு அடைபட்டால், திரும்பிப் போக கார் ஒன்றுக்குத்தான் இடம் இருக்கும். காரில் மட்டும் ஏறி, 9 கிலோமீட்டர் நீளச் சேனானி சுரங்கம் வழியாக ஸ்ரீநகர் போங்கள், அங்கே படகு வீட்டில் இரண்டு நாள் தங்குங்கள். எடை மேடைச் சீட்டு மூன்றையும் எடுத்ததும் எனக்கு அனுப்புங்கள், என்ன எங்கே நகர்த்தலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.