மிஷின் ஓடலைன்னா அணை சுவர் வரைக்கும் போட்ல போலாமா?

கேள்வி: நீர்மின் அணைக்குக் கீழ இருக்கற ஆத்துல குடும்பமா ஆறு பேர் சின்ன மோட்டார் போட்ல போகப்போறோம். புக் பண்ணிக் குடுத்த ஏஜெண்ட், "இன்னிக்கு மிஷின் ஓடல, மழையும் இல்ல, சுவர் வரைக்கும் கூட்டிட்டுப் போறேன், மீன் அங்கதான் நிறைய"ங்கறார். லைஃப் ஜாக்கெட்டும் இருக்காம். போலாமா?

பதில்: போகாதீங்க. கரண்ட் எடுக்கற மிஷின் ஓடலைங்கறது அவர் சொல்ற அந்த நிமிஷத்துக்கு மட்டும்தான் உண்மை. அனல் மின் நிலையம் சூடாகி வர மணிக்கணக்கா ஆகும், நீர்மின் நிலையம் சில நிமிஷத்துலயே முழு லோடுக்கு வந்துரும், அதுக்காகவே அத வெச்சிருக்காங்க. சாயங்காலம் கரண்ட் தேவை ஏறுச்சுன்னா எங்கயோ தூரத்துல இருக்கற கன்ட்ரோல் சென்டர்ல இருந்து சொல்லுவாங்க, இங்க தண்ணி பாயும். அங்க உக்காந்திருக்கறவருக்கு உங்க போட் இருக்கறதே தெரியாது.

மழை இல்லாட்டியும் தண்ணி வரும். ஓடிட்டிருக்கற மிஷின் திடீர்னு நின்னாலும் வம்புதான், ஏன்னா அந்த மிஷின் வழியா போகாத தண்ணி வேற வழியா போயாகணும், நீர்த்தேக்கம் சின்னதுன்னா ஷட்டரத் தூக்கித்தான் ஆகணும். 2014 ஜூன்ல ஹிமாச்சல்ல பியாஸ் ஆத்துல, லார்ஜி அணைல தொறந்து விட்ட தண்ணி ஹைதராபாத் இன்ஜினியரிங் காலேஜ் பசங்க 24 பேர அடிச்சிட்டுப் போயிருச்சு. அவங்க போட்ல கூட இல்ல, ஆத்துக்குள்ள பாறை மேல நின்னு போட்டோ எடுத்துட்டிருந்தாங்க.

இந்த ஏஜெண்ட் ஆளுங்கள நான் நிறைய பாத்திருக்கேன். மிதவை கட்டி வெச்சிருக்கற கோட்டத் தாண்டிப் போறதத்தான் ஸ்பெஷல் ட்ரிப்னு விப்பாங்க, ஷட்டர் ஆபரேட்டர் நம்ம ஆளு, தொறக்கறதுக்கு முன்னாடி போன் பண்ணிருவார்னு வேற அளப்பாங்க. போன் சிக்னல நம்பியா புள்ளைங்கள ஏத்துவீங்க? லைஃப் ஜாக்கெட்டயும் நம்பாதீங்க, ஷட்டருக்குக் கீழ நுரை பொங்கற தண்ணில பாதி காத்துதான், அதுல எதுவும் சரியா மிதக்காது, ஜாக்கெட் போட்ட ஆளே உள்ள போயிருவார். தடுப்பணையா இருந்தா சுழல் திரும்பத் திரும்ப சுவரப் பாத்தே இழுக்கும். அதுக்காக ஜாக்கெட் வேணாம்னு இல்ல, கரையிலயே மாட்டி பக்கிள் எல்லாம் இறுக்கிட்டு ஏறுங்க, சீட்டுக்கு அடியில கிடந்தா ஒரு புண்ணியமும் இல்ல.

மிஷின் வழியா வர்ற தண்ணி நம்மள வெளியதானே தள்ளும்னு சிலர் கேப்பாங்க. பொதுவா ஆமா, ஆனா நீரேற்று மின் நிலையம் வேற மாதிரி. நம்ம காடம்பாறைல இருக்கற மாதிரி நிலையங்கள்ல கரண்ட் மிச்சம் இருக்கும்போது அதே மிஷின தலைகீழா சுத்த விட்டு கீழ் அணைத் தண்ணிய மேல் அணைக்கு ஏத்துவாங்க, அதாவது மத்த நேரம் தண்ணி வெளிய வர்ற அதே வாய், இப்போ உள்ள இழுக்கும். மேலோட்டமா பாத்தா ஒண்ணும் தெரியாது, தண்ணி அமைதியாதான் இருக்கும், அதனால அந்த மாதிரி எடத்துல எந்தப் பக்கம் பத்திரம்னு யோசிக்கறதே வேண்டாம், மேல் அணை, கீழ் அணை ரெண்டு பக்க வாயும் ஆபத்துதான்.

சைரன் அடிச்சா போயிக்கலாம்னு நினைக்காதீங்க, மோட்டார் சத்தத்துல அது காதுலயே விழாது, பல எடத்துல அது வேலை செய்யுதான்னே யாரும் பாக்கறதில்ல. போட்டுக்கு லைசென்ஸ் ஒரு துறை, தண்ணி ஒரு துறை, கரண்ட் இன்னொரு துறை, கேட்டா அடுத்தவரக் கை காட்டுவாங்க, கடைசில துருப்பிடிச்ச ஒரு போர்டு மட்டும் நிக்கும், ஏன் போகக் கூடாதுன்னு அதுலயும் எழுத மாட்டாங்க.

மீன் பிடிக்கணும்னா மிதவைக்கு ரொம்பக் கீழயே நில்லுங்க. நங்கூரம் போட்டா முன்பக்கத்துல மட்டும் கட்டுங்க, பின்னாடி கட்டினா தண்ணி ஏறும்போது போட் அப்படியே அமுங்கிரும், கயித்த வெட்ட ஒரு கத்தி கையெட்டுற தூரத்துல இருக்கட்டும். தண்ணி திடீர்னு கலங்கினாலோ கரையோரக் கல்லு மறைய ஆரம்பிச்சாலோ உடனே கயித்த வெட்டிட்டு கரைக்குப் போங்க, நங்கூரத்த எடுத்துட்டிருக்காதீங்க.