அனைத்துப் புனிதர் திருநாள் பேய்ப் பண்டிகையிலிருந்து வந்ததா?

“நவம்பர் 1 அன்று கத்தோலிக்கர்கள் கொண்டாடும் அனைத்துப் புனிதர் பெருவிழா, அக்டோபர் 31 இரவு பேய் வேடம் போடும் ஹாலோவீனிலிருந்து வந்ததாமே? அதற்கு என்னதான் பொருள்?” என்று கேட்டிருக்கிறீர்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு காணொளியை அனுப்பி உங்களைக் குழப்பிவிட்டிருப்பார்கள். எங்கள் வீட்டுக்குக் காணொளி வரவில்லை, என் அண்ணன் மகனே நேரில் வந்துவிட்டான்.

நான் இறையியல் படித்தவள் அல்ல. மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் பெர்ஜுந்தையில் தையல் கடை வைத்திருப்பவள். (பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றிவிட்டார்கள், எங்கள் வாயில் பழைய பெயர்தான் வருகிறது.) ஆகவே சாமியார்கள் (எங்கள் பாதிரியார்களைத்தான் சொல்கிறேன்) யாராவது படித்தால் சில்லறைப் பிழைகளுக்காகக் கோபிக்க வேண்டாம்.

2024-இல் தீபாவளி அக்டோபர் 31 அன்று வந்தது. முந்தைய நாள் நள்ளிரவு வரை பிளவுஸ் தைத்து முடித்துவிட்டு, மறுநாள் அக்கம்பக்கத்து வீடுகளில் பலகாரம் சாப்பிட்டுவிட்டு வந்து, விடிந்தால் பூசைக்குக் கட்ட வேண்டிய சேலைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். ஷா ஆலமிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த பையன், “அத்தை, நாளைக்கு நீங்கள் போவது பேய்களுக்கான பண்டிகை. பழைய ஐரோப்பியர்களின் செத்தவர் திருவிழாவுக்குச் சிலுவை மாட்டியிருக்கிறார்கள்” என்றான். அவன் இப்போது வேறொரு சபைக்குப் போகிறான். போகட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் என் கையில் இஸ்திரிப் பெட்டி இருக்கும்போது அப்படிப் பேசியிருக்க வேண்டாம்.

அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். ரோமப் பேரரசின் காலத்தில் விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்தவர்கள், ஆளுக்கு ஒரு நாள் ஒதுக்க முடியாத அளவுக்குப் பெருகிவிட்டார்கள். 303-இல் தொடங்கிய பேரரசர் தியோக்ளேசியன் காலத்துத் துன்புறுத்தலுக்குப் பிறகு சொல்லவே வேண்டியதில்லை. அதனால் எல்லாருக்கும் சேர்த்து ஒரு நாள் வைத்தார்கள். கீழைத் திருச்சபைகள் இன்றும் அதைப் பெந்தெகொஸ்தேக்கு (ஈஸ்டரிலிருந்து ஐம்பதாம் நாள்) அடுத்த ஞாயிறன்றுதான் கொண்டாடுகின்றன. ரோமில் திருத்தந்தை நான்காம் போனிஃபாஸ் பாந்தியோனை மரியன்னைக்கும் மறைசாட்சிகளுக்கும் அர்ப்பணித்தது 609-இலோ 610-இலோ, மே 13 அன்று. அது பழைய தெய்வங்களின் கோயிலாக இருந்த கட்டடம்தான், மறைக்க ஒன்றுமில்லை. நவம்பர் 1 என்ற தேதி பின்னால் வந்தது. எட்டாம் நூற்றாண்டில் மூன்றாம் கிரகோரி புனித பேதுரு பேராலயத்தில் எல்லாப் புனிதர்களுக்கும் ஒரு சிற்றாலயம் அமைத்தார். 835-ஐ ஒட்டி நான்காம் கிரகோரியும் பேரரசர் லூயியும் அந்தத் தேதியைப் பிராங்கு நாடெங்கும் (இன்றைய பிரான்சு, ஜெர்மனிப் பக்கம்) பரப்பினார்கள்.

அவன் சொன்ன செத்தவர் திருவிழாவை, அதாவது அயர்லாந்துப் பக்கத்துப் பழைய கெல்ட் மக்களின் சம்ஹைன் திருவிழாவை, மறைக்கத்தான் இந்தத் தேதி என்றால், முதலில் அயர்லாந்தில் அல்லவா அது தொடங்கியிருக்க வேண்டும்? அங்கேயோ ஒன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இதை ஏப்ரல் 20 அன்று கொண்டாடியிருக்கிறார்கள். ஹாலோவீன் வேடங்களில் நாட்டுப்புற வழக்கம் கலந்திருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பெருவிழாவின் முந்தைய இரவுக்குத்தான் அந்தப் பெயர் வந்தது. பூசைக்கு முன்பே பேய் வந்துவிடவில்லை.

அவன் விடவில்லை. “உங்கள் புனிதர்கள் எல்லாரும் வெள்ளைக்காரர்கள்தானே?” என்றான். கன்னியாகுமரி நட்டாலத்துத் தேவசகாயம் 1752-இல் ஆரல்வாய்மொழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2012-இல் அருளாளர் (புனிதருக்கு முந்தைய படி), 2022-இல் புனிதர். அருளாளர் ஆகும்வரை அந்த 260 ஆண்டுகளும் அவருக்குத் தனித் திருநாள் கிடையாது. பட்டியலில் ஏறாமல் கடவுளிடம் சேர்ந்தவர்கள் எல்லாருக்கும் உரியது நவம்பர் 1, அதன் பொருளே அதுதான். அன்று வாசிக்கும் திருவெளிப்பாட்டில் யாராலும் எண்ண முடியாத பெருந்திரள் என்றுதான் வருகிறது.

நான் வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் ஓர் உபதேசியார் இருந்தார். காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுவார், மாலையில் லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) பிள்ளைகளுக்குச் செபம் சொல்லித் தருவார். சாமியார் எப்போதோ ஒருமுறைதான் வருவார், மற்ற ஞாயிறுகளில் இவர்தான் செபம் நடத்துவார். சாவு விழுந்தால் குழி வெட்டுவதும் இவர்தான். கொஞ்சம் குடிப்பார், என் அம்மாவுக்கு அதில் கோபம். வத்திக்கானில் யாரும் அவருக்காகக் கோப்பு திறக்கப் போவதில்லை. அன்று பூசையில் நான் நினைத்துக்கொள்வது அவரைத்தான். இதைச் சிலை வணக்கம் என்று எழுத வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: லுத்தரன், ஆங்கிலிக்கன் சபைகளும் இந்த நாளை அனுசரிக்கின்றன.

மறுநாள், நவம்பர் 2, கல்லறைத் திருநாள் வேறு. பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சிலுள்ள குளூனி மடத் தலைவர் ஓடிலோ தம் மடங்களில் தொடங்கி வைத்தது அது. முதல் நாள் கரையேறியவர்களுக்கு, இரண்டாம் நாள் இன்னும் நம் செபம் தேவைப்படுகிறவர்களுக்கு. உபதேசியாரை எந்த நாளில் சேர்ப்பது என்று அம்மாவைக் கேட்டால் இரண்டாம் நாளைத்தான் சொல்வார்.

கல்லறை என்றதும் வயிறு எரிகிறது. ரப்பரை அழித்து எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டார்கள், தோட்டம் கை மாறியது, லயத்தையும் இடித்தார்கள். எங்கள் கல்லறைகள் மட்டும் செம்பனைக்கு நடுவில் கிடக்கின்றன. இப்போது அங்கே போக கேட், பாதுகாவலர், முன்கூட்டியே கடிதம், அதில் எல்லாருடைய அடையாள அட்டை எண்ணும். குலை ஏற்றும் லாரிகள் எந்தக் கடிதமும் இல்லாமல்தான் போய் வருகின்றன. சாமியார் கல்லறைகளை ஆசீர்வதிக்க வந்தபோது, பட்டியலில் பெயர் இல்லையென்று அவரையே வெயிலில் நிறுத்தி வைத்தார்கள். எங்கள் ஆள்கள் போட்ட தோட்டத்தில், எங்கள் பாட்டிக்கு மெழுகுவர்த்தி ஏற்ற நாங்கள் விண்ணப்பம் எழுத வேண்டுமாம். இதற்கு வழி தெரிந்தவர்கள், குறிப்பாக நில அலுவலக நடைமுறை தெரிந்தவர்கள், கீழே எழுதுங்கள். ஹாலோவீன் பற்றி வாதாட வருகிறவர்கள் அதற்குப் பிறகு வரலாம்.