கண்ணுக்கு ஒரே ‘கோபால்’, தேடினால் கிடைப்பதில்லை

பட்டியலில் ‘கோபால்’ இருந்தும் தேடினால் வரவில்லை என்கிறீர்கள். ஒப்பிடுவதற்கு முன் இரண்டு சரங்களையும் (ஸ்ட்ரிங்) என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றுங்கள்; ஒரே எழுத்து இரண்டு விதமாகப் பதிவாகியிருந்தாலும் அதை ஒரே விதமாக்கும் யூனிகோட் வடிவம் அது. பைத்தானோடு வரும் யூனிகோட்டேட்டா மாட்யூலில் அதற்கு நார்மலைஸ் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. உங்கள் தேடல் கோடில் தப்பு இல்லை.

பட்டியலில் ‘கோபால்’ இருந்தும் தேடினால் வரவில்லை என்கிறீர்கள். பெரும்பாலும் ‘கோ’தான் காரணம். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் தரமான யூனிகோடில் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். இரட்டைக்கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. எஸ்கியூலைட் டேட்டாபேஸ் இயல்பாக பைட் பைட்டாக ஒப்பிடுவதால் அதற்கு இவை வெவ்வேறு பெயர்கள். எனக்கு இதில் ஒரு மதியமே போனது, எழுத்துருவைத் திட்டிக்கொண்டு!

சரிபார்க்க, இரண்டு பெயர்களின் நீளத்தையும் பிரின்ட் செய்து பாருங்கள். ஒன்று 6, மற்றொன்று 7 என்று வந்தால் பெரும்பாலும் இதேதான். வேறு எண்கள் வந்தால் சிக்கல் வேறெங்கோ இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத இடைவெளி ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று ஒவ்வொரு எழுத்தின் குறியீட்டு எண்ணையும் பாருங்கள்.

சேமிக்கும்போதே மாற்றிவிடுவது நல்லது. பழைய பதிவுகளையும் ஒருமுறை ஓட்டி எடுங்கள், பேக்கப் எடுத்துவிட்டு.

ஆனால் ‘கௌரி’யை என்எஃப்சி காப்பாற்றாது. பலர் ஔகாரக் குறிக்குப் பதில் ‘ள’ போட்டு ‘கெளரி’ என்று தட்டுகிறார்கள்; அது வேறு எழுத்து. சரி, எல்லாவற்றையும் ரீப்ளேஸ் செய்துவிடலாம் என்று இறங்காதீர்கள், ‘தெளிவு’ உடைந்துவிடும். அந்தப் பெயர்களை மட்டும் தனியாக எடுத்துக் கையால் திருத்துங்கள்.